வீட்டில் நாய் குளிப்பாட்டும் தளம்: குழாய் வேலையை வடிகாலிலிருந்து தொடங்குங்கள்

கம்பம், கூடலூர், கோம்பைப் பக்கம் நாய் இல்லாத தோட்ட வீடு அபூர்வம். ஆனால் நாயைக் குளிப்பாட்ட என்று தனி இடம் உள்ள வீடு அதைவிட அபூர்வம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலோ, மோட்டார் தண்ணீர் விழும் தொட்டி ஓரத்திலோ கட்டிப்போட்டு வாளியால் ஊற்றுவதுதான் வழக்கம். கோடையில் அது போதும். ஆனி, ஆடிச் சாரல் இறங்கிவிட்டால் போதாது. மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்த் திரும்பும் நாயின் காலெல்லாம் சேறு, விரலிடுக்கில் அட்டை, காது மடிப்பில் உண்ணி. குளிர்ந்த நீரை ஊற்றினால் அது நடுங்குகிறது, துள்ளுகிறது, வழுக்கி விழுகிறது. கழுவிய நீர் கொல்லையெல்லாம் தேங்கி இன்னொரு சேறு உண்டாகிறது.

ஒரு சின்னத் தளம், சுவரில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் ஒரு கை ஷவர், முடியை வடிகட்டி நீரை ஒழுங்காக வெளியேற்றும் ஒரு வடிகால். இந்த மூன்றும் அமைந்தால் நாய்க்கும் நிம்மதி, குளிப்பாட்டுகிறவருக்கும் முதுகுவலி இல்லை. குழாய் வேலை பழகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைவேலை தெரிந்தவர் தானே செய்யலாம். மற்றவர்கள் பிளம்பரையும் கொத்தனாரையும் வைத்துச் செய்யும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பாலோர் ஷவர் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. நீர் எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் தளத்தின் உயரம், வாட்டம் (நீர் ஓடுவதற்கான சரிவு), குழாயின் இடம் எல்லாம் தானாகவே அமையும். வடிகால் சரியாக இருந்தால் மட்டமான ஷவரைக்கூடப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வடிகால் கோணலாகிவிட்டால் தளத்தையே உடைக்க வேண்டி வரும்.

இடமும் அளவும்

குளியலறையின் வெளிச்சுவரோ சமையலறையின் பின்சுவரோ நல்ல இடம். உள்ளே ஏற்கனவே தண்ணீர்க் குழாயும் வெந்நீர்க் குழாயும் ஓடுவதால் சுவரைத் துளைத்து இந்தப் பக்கம் எடுத்துவிடலாம். வெந்நீர்க் குழாயின் நீளமும் குறையும். குழாய் நீண்டால் ஒவ்வொரு முறையும் அதில் தேங்கி நிற்கும் ஆறிய நீரை வெளியே விட்ட பிறகுதான் சூடான நீர் வரும். மேற்குக் காற்று நேராக அடிக்கும் மூலையைத் தவிருங்கள். கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் நனைந்த நாய் சீக்கிரம் குளிர்ந்துபோகும். இரண்டு பக்கம் சுவர் உள்ள மூலை கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாய் பின்வாங்கி ஓட வழி குறைவு, தெறிப்பும் அடங்கும்.

அளவுக்கு உங்கள் நாயையே அளந்துவிடுங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, தரையிலிருந்து முதுகு வரை ஒரு அளவு. அந்த நீளத்தோடு ஒரு அடி சேருங்கள். கோம்பை இனத்து நாய்க்கு 4 அடிக்கு 3 அடி தளம் தாராளம். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெடிய உடம்புக்காரருக்கு 5 அடி நீளம் வைத்தால் திரும்ப இடம் இருக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, பெரிய நாய்க்குத் தரைமட்டத் தளமே என் தேர்வு. நான்கு இஞ்ச் வரம்பு கட்டினால் போதும். இடுப்பளவு மேடை குளிப்பாட்டுகிறவருக்கு வசதிதான். ஆனால் 25 கிலோ நாயைத் தூக்கி ஏற்ற முடியாது. நனைந்த மேடையிலிருந்து அது குதித்தால் காலை ஒடித்துக்கொள்ளும். சின்ன நாய் மட்டுமே வளர்க்கிறவர்கள் இரண்டரை அடி மேடை கட்டலாம். வயதான நாய் இருந்தால் வரம்பை ஒரு பக்கம் திறந்தே விட்டு, அங்கே சரிவாகச் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள். இடுப்பு வலியுள்ள நாய்க்கு நான்கு இஞ்ச் படியும் சிரமம்தான்.

நீர் எங்கே போகிறது

நாய் குளித்த நீரில் முடி, மண், நுரை, சில நாட்களில் உண்ணி மருந்து ஆகியவை இருக்கும். இந்த நான்கையும் மனதில் வைத்துத்தான் வடிகாலை அமைக்க வேண்டும்.

கழிவறைத் தொட்டியில், அதாவது செப்டிக் டேங்கில், இதை இணைக்க வேண்டாம். மண்ணும் முடியும் மக்காமல் அடியில் சேர்ந்து தொட்டி சீக்கிரம் நிறையும். வாய்க்காலில் விடுவது அதைவிட மோசம். உண்ணிக்குப் பயன்படும் மருந்து ஷாம்புகள் பலவற்றில் பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்து இருக்கிறது. அது மீனுக்கும் தேனீக்கும் கடும் விஷம். முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. ஊர் ஊராகக் குடிநீரும் அதே ஆற்றிலிருந்துதான் எடுக்கிறோம். நம் வீட்டு வாளி ஒன்றுதானே என்று யாரும் நினைக்கக் கூடாது.

தோட்ட வீட்டுக்கு உறிஞ்சு குழிதான் சரியான வழி. நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் குளியலறைக் கழிவுநீர் போகும் தெருச் சாக்கடையில் இணைக்கலாமா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இணைத்தாலும் நடுவில் கீழே சொல்லும் சேம்பர், அதாவது முடியையும் மண்ணையும் பிடிக்கும் சின்னத் தொட்டி, கட்டாயம் வேண்டும்.

குழி தோண்டும் முன் மண்ணைச் சோதியுங்கள். ஒரு அடி ஆழத்தில் சின்னக் குழி வெட்டி நீர் நிரப்பி, அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஒரு இஞ்ச் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். செம்மண்ணில் சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தால், கரிசலில் பல இடங்களில் அப்படித்தான் எடுக்கும், உறிஞ்சு குழி அங்கே உதவாது. அப்படிப்பட்ட இடத்தில் நீரை வாழை, கல்வாழை வைத்த அகலமான பாத்திக்குத் திருப்பலாம். மருந்து ஷாம்பு போடும் நாளில் மட்டும் சேம்பரின் வெளிவாயை அடைத்து, அந்த நீரை வாளியில் மொண்டு ஆள் நடமாட்டமில்லாத, பயிரும் கிணறும் இல்லாத காய்ந்த தரையில் ஊற்றிவிடுங்கள். ஊற்றிய இடத்தில் தேன் கூடோ பூச்செடியோ இருக்கக் கூடாது.

குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றரை அடி ஆழம் போதும். அடியில் தேங்காய் அளவுக் கருங்கல், நடுவில் கைப்பிடி அளவுக் கல், மேலே ஒன்றரை இஞ்ச் ஜல்லி. கல் நிரப்பிய பிறகும் இடைவெளிகளில் இருநூறு லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். ஒரு நாயின் குளியலுக்கு ஐம்பது லிட்டர் என்று வைத்தால் இது தாராளம். ஜல்லிக்கு மேல் தடித்த பாலிதீன் விரித்து ஒரு அடி மண் மூடினால் நாற்றமும் கொசுவும் இல்லை. நாயும் தோண்டாது.

கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் குழி 60 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் வீடு உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அங்கே பல வீடுகளில் கிணறு உண்டு, நிலமும் சரிவு. உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது, கீழ்ப்புறத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். சரிவின் விளிம்பிலோ கல் கட்டிய தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ குழி வெட்டவே கூடாது. மழைக்காலத்தில் மண் ஏற்கனவே நீர் குடித்துக் கனத்திருக்கும். அதில் நாமும் நீரைச் செலுத்தினால் சுவர் தள்ளிக்கொண்டு போகும்.

முடியைப் பிடிக்கும் சேம்பர்

தளத்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு சேம்பர் கட்டுங்கள். பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் குழியின் கல்லெல்லாம் முடியும் சேறுமாக அடைத்துக்கொள்கிறது. குழியைத் தோண்டிக் கல்லைக் கழுவுவது என்ன வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். சேம்பரில் கையை விட்டு முடியை அள்ளுவது ஐந்து நிமிடம்.

உள்ளளவு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் இரண்டடி. செங்கல் கட்டி உட்புறம் சிமெண்ட் பூச வேண்டும். நீர் வந்து விழும் குழாய் மேலே, வெளியேறும் குழாய் அதைவிட இரண்டு இஞ்ச் கீழே. வெளியேறும் குழாய்க்கு அடியில் ஒரு அடி ஆழமாவது மிச்சமிருக்க வேண்டும். மண் அங்கேதான் படியும். வெளியேறும் குழாயின் உள்முனையில் ஒரு டீ, அதாவது T எழுத்து வடிவில் மூன்று வாயுள்ள இணைப்பு, மாட்டுங்கள். டீயின் கீழ்க்கால் நீருக்குள் ஆறு இஞ்ச் இறங்கியிருக்கட்டும், மேல்கால் திறந்திருக்கட்டும். முடியும் நுரையும் மேலே மிதக்கும், மண் அடியில் நிற்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் டீ வழியாக வெளியேறும். செலவு ஒரு டீக்கும் ஒரு துண்டுக் குழாய்க்கும்தான். பலன் வருஷக்கணக்கில் நிற்கும். மூடி இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். இல்லையென்றால் உள்ளே நிற்கும் நீரில் கொசு பெருகும். தூக்க வசதியாகக் கம்பி வளையம் வைத்து வார்க்கச் சொல்லுங்கள்.

தளத்திலிருந்து சேம்பருக்கு 3 இஞ்ச், அதாவது 75 மில்லிமீட்டர், பி.வி.சி. வடிகால் குழாய் போடுங்கள். ஒன்றரை இஞ்ச் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெறும் நீருக்கு அது போதும், முடி கலந்த நீருக்குப் போதாது. குழாய்க்கு அடிக்கு இரண்டு நூல் வாட்டம் வேண்டும். எட்டு நூல் ஒரு இஞ்ச் என்பதால் எட்டடிக் குழாய் இரண்டு இஞ்ச் இறங்க வேண்டும். திரும்பும் இடத்தில் ஒரே செங்குத்து எல்போ (முழங்கை போல மடங்கும் இணைப்பு) போடாமல், மெல்ல வளையும் 45 டிகிரி பெண்டு இரண்டு போட்டால் முடி சிக்காது, அடைத்தாலும் கம்பி விட்டு எடுக்கலாம்.

நீர் இறங்கும் வாயாகத் தளத்தில் நானி ட்ராப் என்ற வளைவுள்ள வடிகால் துண்டைப் பதிக்க வேண்டும். அதன் வளைவில் 50 மில்லிமீட்டர் நீர் எப்போதும் நிற்கும். அந்த நீர்தான் சேம்பரின் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. மேல்வாய் 4 இஞ்ச், வெளிவாய் 3 இஞ்ச் உள்ளதாக வாங்குங்கள். மேலே திருகிக் கழற்றும் துருப்பிடிக்காத எஃகு ஜாலி, அதற்குள் கையால் தூக்கி எடுக்கும் கூடை வடிகட்டி. சிமெண்ட் வைத்து ஜாலியை ஒட்டிவிடும் கொத்தனார்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இங்கே அது கழற்ற வர வேண்டும்.

தளமும் வாட்டமும்

ட்ராப் எந்த மூலையில்? நாய் நிற்கும் நடுவில் வைக்காதீர்கள். ஜாலியின் மேல் கால் வைக்க நாய் தயங்கும், நகம் மாட்டும் அபாயமும் உண்டு. பின்சுவரை ஒட்டிய ஒரு மூலையில் வைத்து, தளம் முழுவதையும் அந்த மூலைக்கு அடிக்கு இரண்டு நூல் வாட்டமாக இழுங்கள். நான்கடித் தளத்தில் ஒரு இஞ்ச் வரும். அதைவிட அதிகச் சரிவு வைத்தால் நாய்க்குக் கால் ஊன்றி நிற்கச் சிரமம்.

ட்ராப்பின் வாய், வேலை முடிந்த தளத்தைவிட இரண்டு நூல் தாழ்ந்திருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். டைல்ஸின் தடிமனையும் அடியில் போடும் சாந்தின் தடிமனையும் கூட்டிக்கொண்டுதான் ட்ராப்பின் மட்டத்தை முடிவு செய்ய வேண்டும். கடையில் டைல்ஸைத் தேர்ந்தெடுத்துக் கையில் வைத்துக்கொண்டே ட்ராப் பதியுங்கள்.

மேற்பரப்பு வழுக்கக் கூடாது. வழுக்குகிற தளத்தில் நின்ற நாய் அடுத்த முறை அந்தப் பக்கமே வராது. பளபளப்பான டைல்ஸ், பாலிஷ் போட்ட கடப்பா கல் இரண்டும் வேண்டாம். சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ் நல்லது. செலவைக் குறைக்க நினைத்தால் சிமெண்ட் தளத்தைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு ட்ராப்பை நோக்கி ஓடட்டும். நீரும் அதே வழியில் ஓடும். அதிகக் கூராக இழுத்தால் பாதம் உரசும், மெல்லியதாகவே இருக்கட்டும்.

சுவரில் நான்கடி உயரம் வரை டைல்ஸ் அல்லது நீர்க்காப்புக் கலவை சேர்த்த சிமெண்ட் பூச்சு. இல்லையென்றால் மறுபக்கத்து அறைச் சுவரில் ஈரம் ஊறி சுண்ணாம்பு உதிரும். சுவரும் தரையும் சேரும் மூலையை உருண்டையாகப் பூசினால் முடி ஒட்டாது, கழுவுவதும் எளிது.

தண்ணீர் வரும் பாதை

இப்போது குழாய்க்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீர்தான். தொட்டியின் நீர்மட்டம் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் அது ஷவரைவிட 10, 12 அடி உயரத்தில்தான் இருக்கும். அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு பார்தான். குழாய் மெலிந்தாலோ எல்போ கூடினாலோ அந்தக் கொஞ்ச அழுத்தமும் வழியிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் தொட்டியிலிருந்து தளம் வரை முக்கால் இஞ்ச் குழாயே வரட்டும். கடைசியில் மிக்சருக்கு, அதாவது வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாய்க்கு, ஏறும் இடத்தில் மட்டும் அரை இஞ்சுக்கு மாறுங்கள். பாதை நேராக இருக்கட்டும். இந்தத் தளத்துக்கென்று தனியாக ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பி நீரை அடைக்கும் வால்வு) வையுங்கள். ரப்பர் வாஷர் மாற்றவோ ஷவர் கழுவவோ வீட்டுக்கே தண்ணீர் நிறுத்த வேண்டியிருக்காது. கேட் வால்வைவிடப் பால் வால்வு மேல். கால் சுற்றில் திறந்து மூடும், நீரோட்டத்தையும் குறைக்காது.

தண்ணீருக்கு வெள்ளை யு.பி.வி.சி. போதும். வெந்நீருக்குச் சந்தன நிற சி.பி.வி.சி.தான் போட வேண்டும், 93 டிகிரி வரை தாங்கும். இரண்டுக்கும் சொல்யூஷன், அதாவது குழாய் ஒட்டும் பசை, வேறு வேறு. ஒன்றுக்கு வாங்கியதை மற்றதற்குப் பூசாதீர்கள். என்னைக் கேட்டால் இரண்டு பாதைக்கும் சி.பி.வி.சி.யே போட்டுவிடலாம். நீளம் சில அடிதான், விலை வித்தியாசம் பெரிதாக வராது, மாறிப்போகும் பயமும் இல்லை.

ஒட்டும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். குழாயைச் செங்குத்தாக வெட்டுங்கள். வெட்டிய ஓரத்திலுள்ள பிசிறைக் கத்தியால் சுரண்டுங்கள். ஈரம், தூசி துடைத்துவிட்டு, ஒட்டாமலே ஒரு முறை பொருத்திப் பாருங்கள். பிறகு குழாயின் வெளிப்புறத்திலும் ஃபிட்டிங்கின் உட்புறத்திலும் சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, உள்ளே செருகிக் கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். விட்டால் சில சமயம் குழாய் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வரும், அதற்காகத்தான் இந்தப் பிடி. உட்புறம் அப்பிப் பூசினால் அது வழிந்து நீர் போகும் வழியிலேயே கட்டியாக நின்றுவிடும். ஒட்டி 24 மணி நேரம் நீர் விட வேண்டாம்.

மிக்சர் மாட்டும் இடத்தில் பித்தளை மரையுள்ள எல்போவே போடுங்கள். பிளாஸ்டிக் மரை, மிக்சரைக் கழற்றி மாட்டும்போது விரிசல் விடும். பிறகு சுவரை உடைக்க வேண்டியதுதான். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது, திருகும் திசையிலேயே, அதாவது முனையை நம் பக்கம் வைத்துப் பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில், ஆறேழு சுற்று இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே உரிந்துவிடும்.

சுவர் மிக்சரின் இரண்டு வாய்க்கும் நடுவே 150 மில்லிமீட்டர், அதாவது 6 இஞ்ச் இடைவெளி. குழாய் பதிக்கும் காடியை (பள்ளத்தை) வெட்டும் முன் சுவரில் பென்சிலால் குறித்து ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நாம் சுவரைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் தண்ணீர் என்பது எங்கும் உள்ள வழக்கம். வீட்டில் யார் திறந்தாலும் குழம்பாமலிருக்க அதையே பின்பற்றுங்கள். தரைமட்டத் தளத்துக்கு மிக்சர் மூன்றடி உயரத்தில் இருந்தால் நாய் இடித்துக்கொள்ளாது, குனியாமல் கை எட்டும். ஷவர் மாட்டும் கொக்கி ஐந்தடி உயரத்தில்.

கை ஷவரின் குழல் ஒன்றரை மீட்டராவது வேண்டும். நாயின் மறுபக்கத்துக்கும் வயிற்றுக்கு அடியிலும் போக வேண்டுமே. கழிவறையில் மாட்டும் ஹெல்த் ஃபாசெட்டை இதற்குப் போடுகிறவர்கள் உண்டு. அதன் நீர் ஊசிபோலக் குத்தும், சத்தமும் அதிகம், நாய் மிரளும். அகன்ற முகமுள்ள, கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் உள்ள ஷவர்தான் நல்லது. பொத்தானால் நிறுத்தினாலும் வேலை முடிந்ததும் மிக்சரை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வழியாக வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் ஒன்றோடொன்று கலந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. ஷவரை அழுக்கு நீர் நிற்கும் வாளிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த நேரம் மாடித் தொட்டி காலியாகிக் கீழே வேறொரு குழாய் திறந்தால், வாளியிலிருக்கும் உண்ணி மருந்து கலந்த நீர் குழாய்க்குள் இழுபட்டு வீட்டுக் குழாய்களுக்கே வரலாம். பால் வால்வுக்கு அடுத்து ஒரு ஒருவழி வால்வு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை. வெந்நீர்ப் பக்கமும் ஒன்று. தண்ணீர் மோட்டாரிலிருந்து நேராகவும் வெந்நீர் தொட்டி வழியாகவும் வரும் வீடுகளில் இது கட்டாயம். அழுத்தம் கூடிய பக்கம் மற்றதைத் தள்ளிக்கொண்டு போகும். முடிந்தால் இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வரட்டும்.

வெந்நீர்

நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், 38 முதல் 39 டிகிரி. குளிக்கும் நீர் 37, 38 டிகிரி இருந்தால் போதும். 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் சூடாகவும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது.

மாடியில் சோலார் இருந்தால் செலவே இல்லை. ஆனால் கோடை மதியத்தில் அதன் நீர் 60 டிகிரிக்கு மேல் போகும். நேராக நாயின் மேல் பட்டால் தோல் வெந்துவிடும். முடி இருப்பதால் வெளியே உடனே தெரியவும் தெரியாது. அதனால் மிக்சர் இல்லாமல் சோலார் குழாயில் நேரடியாக ஷவர் மாட்டவே கூடாது. எப்போதும் தண்ணீரை முதலில் திறந்து, பிறகு வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். மூடும்போது வெந்நீரை முதலில் மூடுங்கள்.

கீசர் என்றால் 15 லிட்டர் போதும். 60 டிகிரியில் உள்ள 15 லிட்டரைச் சாதாரணத் தண்ணீரோடு கலந்தால் 38 டிகிரியில் 35 முதல் 40 லிட்டர் வரை கிடைக்கும். ஷவரில் நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வந்தால் ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும். நனைக்க இரண்டு நிமிடம், ஷாம்பு தேய்க்கும்போது நிறுத்தி வைத்து, அலச மிச்சம் என்று பிரித்துக்கொண்டால் ஒரு கோம்பை நாய்க்குச் சரியாக வரும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது, அலசவும் அதிக நேரம் ஆகும். கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இருந்தால் அந்த இணைப்பைக் கொடுங்கள்.

கீசரைத் தளத்துக்கு மேலே திறந்த வெளியில் மாட்டாதீர்கள். குளியலறைக்குள்ளேயே இருக்கட்டும், குழாய் மட்டும் வெளியே வரட்டும். ஸ்விட்சும் ப்ளக்கும் தெறிப்பு எட்டாத தூரத்தில், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நனைந்த நாய்க்கு நம்மைவிடச் சீக்கிரம் மின்சாரம் தாக்கும். அது செருப்புப் போட்டுக்கொண்டு நிற்பதில்லை. இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள்.

பூசும் முன் சோதனை

காடிக்குள் குழாய் போனதும் கொத்தனார் பூசத் தயாராக நிற்பார். நிறுத்துங்கள். மிக்சர் வாய்களை அடைக்க எண்ட் ப்ளக் மாட்டி, வால்வைத் திறந்து, குழாயில் நீரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் அந்த இணைப்பை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மேலே சொல்யூஷன் தடவி அடைப்பது நிற்காது.

வடிகாலுக்கும் ஒரு சோதனை உண்டு. டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு வாளி நீரை ஒரே மூச்சாகத் தளத்தில் ஊற்றுங்கள். நீர் முழுக்க ட்ராப்புக்கு ஓட வேண்டும், எங்கும் தேங்கக் கூடாது. அப்படியே சேம்பரைத் திறந்து நீர் வருவதைப் பாருங்கள். சேம்பரிலிருந்து குழிக்குப் போவதையும் பாருங்கள். தேங்குகிற இடம் தெரிந்தால் இப்போதே சாந்து போட்டுச் சரி செய்துவிடலாம்.

சங்கிலி மாட்டச் சுவரில் ஒரு எஃகு வளையம் வேண்டும். நாயின் தோள் உயரத்தில், பூச்சில் அல்ல, செங்கல்லுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டில். கழுத்துப்பட்டையை இரண்டடிக் கயிற்றில் மாட்டினால் போதும். மாட்டிவிட்டு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. வழுக்கினால் கழுத்து இறுகும்.

பழக்குவதும் பராமரிப்பதும்

வேலை முடிந்த அன்றே நாயைக் குளிப்பாட்டாதீர்கள். சிமெண்ட் பூச்சு என்றால் ஒரு வாரமாவது நீர் ஊற்றிப் பதப்படுத்துங்கள். பச்சைச் சிமெண்டின் காரம் பாதத்தை அரிக்கும். பதப்படுத்தி முடித்துத் தளம் காய்ந்த பிறகு நாயை அதில் ஏற்றி அங்கேயே சாப்பாடு போடுங்கள். அடுத்து ஷவரைத் தரையில் ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்குங்கள். முதல் குளியலில் பின்னங்காலில் தொடங்கி மேலே வாருங்கள். முகத்துக்கு ஷவர் வேண்டாம், ஈரத்துணி போதும். காதுக்குள் நீர் போகவே கூடாது.

நாய்க்கென்று விற்கும் ஷாம்புதான் போட வேண்டும். நம் சோப்பு அதன் தோலை வறட்டிவிடும். உண்ணி மருந்து போடுவதாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் எடைக்கு ஏற்ற அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள மருந்தைத் தவிர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நனைந்த நாயை நக்கினாலே பூனைக்கு ஆபத்து.

ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் கூடை வடிகட்டியைத் தூக்கி முடியைக் குப்பையில் தட்டுங்கள். அதே கையோடு ஷவரைக் கொக்கியில் மாட்டி, பால் வால்வையும் மூடிவிடலாம். மாதம் ஒரு முறை சேம்பரைத் திறந்து மிதக்கும் முடியை அள்ளுங்கள். சாரல் காலத்தில் மண்ணும் சேர்ந்து வருவதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. அடிமண் டீயின் கீழ்க்கால் வரை வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஷவர் ஓட்டைகளில் உப்பு அடைத்தால் முகத்தைக் கழற்றி ஒரு இரவு வினிகரில் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். வெயில் காலத்தில் பல நாள் குளிப்பாட்டாமல் விட்டால் ட்ராப்பின் நீர் வற்றி நாற்றம் ஏறும். அப்போது ஒரு சொம்பு நீர் ஊற்றினால் சரியாகிவிடும்.